மூழ்கியது யார் பொருள்?

தோழனே!

"ஒருதரம்... இரண்டுதரம்... மூன்றுதரம்!" இந்த மூன்று சொற்களுக்குள்ளே ஒரு குடும்பத்தின் பத்தாண்டுச் சேமிப்பு கைமாறிவிடுகிறது. கேட்டவன் எடுத்தான், எடுத்தவன் விற்றான், விற்றவன் செழித்தான். உடையவள்? அவள் அந்த இடத்திலேயே இல்லை. கட்டாயம் இருந்திருக்க வேண்டியவள் அவள் ஒருத்தி. இல்லாதவளும் அவள் ஒருத்தியே! அதைப் பற்றித்தான் இந்த ஞாயிறு உன்னோடு பேச விரும்புகிறேன்.

அமெரிக்க நாட்டிலே ஒரு வணிகம் நடக்கிறது. வீடு மாறுவோர், வேலை இழந்தோர், மணமுறிவு கண்டோர், மறைந்த பெற்றோரின் தட்டுமுட்டுச் சாமான்களை எங்கே வைப்பது என்று திகைப்போர் – இவர்களெல்லாம் மாத வாடகைக்குச் சிறு கிடங்கு அறைகளை எடுத்துப் பொருள்களைப் பூட்டி வைக்கிறார்கள். வாடகை நிலுவையில் நின்றுவிட்டால், அறிவிப்பு அனுப்பிவிட்டுக் கிடங்குக்காரர் அந்த அறையின் பொருள்களை ஏலத்துக்கு விடலாம். பூட்டு அறுபடுகிறது, கதவு உயர்கிறது, ஏலம் கேட்க வந்தவர்கள் வாசலிலே நின்றபடி எட்டிப் பார்க்கலாம், உள்ளே கால் வைக்கலாகாது, எதையும் கையால் தொடலாகாது. உள்ளே கிடப்பது வைரமா வைக்கோலா என்று அறியாமலே விலை கேட்கிறார்கள். கிழிந்த மெத்தை கிடைத்தால் திண்டாட்டம்; பழைய நாணயப் பெட்டி கிடைத்தால் கொண்டாட்டம்! இந்தக் காட்சியையே தொலைக்காட்சித் தொடராக்கி, 'ஸ்டோரேஜ் வார்ஸ்' என்று பெயரிட்டு, 2010-ஆம் ஆண்டில் ஒளிபரப்பத் தொடங்கினார்கள். பெயரின் பொருள் தெரியுமா? கிடங்குப் போர்! போர் என்றால் தோற்றவன் ஒருவன் இருக்க வேண்டுமே, அவன் எங்கே? வென்றவன் சிரிப்பதைத் திரை காட்டுகிறது. வாடகை கட்ட வகையற்று, அம்மாவின் தையற்பொறியையும் குழந்தையின் தொட்டிலையும் இழந்தவனின் முகத்தை அந்தத் திரை தேடிப்போவதில்லை. 'கைவிடப்பட்ட பொருள்' என்று ஒரு பெயரைச் சூட்டிவிட்டால் போதும். கைவிட்டவனைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய கடமை தீர்ந்துவிடுகிறது!

அமெரிக்கா கிடக்கட்டும், ஐயம்பேட்டைக்கு வா.

காஞ்சியிலிருந்து வாலாஜாபாத் செல்லும் வழியிலே, தறியோசை கேட்கும் ஊர். இங்கே நெசவாளிக்கு வாடகைக் கிடங்கு எதற்கு? பூட்டி வைக்கும் அளவுக்குப் பொருள் ஏது? உள்ள பொருள் அத்தனையும் காதிலே ஒரு தோடு, மூக்கிலே ஒரு மூக்குத்தி, கழுத்திலே ஒரு சங்கிலி என்று அடங்கிவிடும். அந்தப் பொருளுக்கும் ஒரு கிடங்கு உண்டு. அதுதான் அடகுக்கடையின் இரும்புப் பெட்டி! வாடகைக்கு அங்கே வட்டி என்று பெயர். பூட்டுத் திறவுகோலுக்கு அடகுச் சீட்டு என்று பெயர். வட்டி நின்றால், அங்கேயும் கதவு திறக்கப்படும்; இங்கேயும் ஏலக்குரல் ஒலிக்கும். அதற்கு நம் மக்கள் வைத்திருக்கும் பெயரைக் கவனித்தாயா? "நகை மூழ்கிவிட்டது" என்கிறார்கள்!

என்ன சொல் பார்த்தாயா! வெள்ளம் வந்ததா? இல்லை. கப்பல் கவிழ்ந்ததா? இல்லை. ஆனாலும் மூழ்கிவிட்டதாம். கடலில் விழுந்த பொருளைக் கேட்டு எவரிடம் முறையிடுவது? அந்த ஒரு சொல்லிலே ஏழையின் இயலாமையும் இருக்கிறது. அவளை ஏமாற்ற எண்ணுவோருக்கு ஏற்ற வசதியும் இருக்கிறது. நான் சொல்கிறேன் – நகை மூழ்கவில்லை. அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிருக்கிறது. போன வழிக்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை உடையவளுக்கு இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒன்றைச் சொல்லத்தான்.

ஏன் அடகு வைக்கிறாள் என்று கேட்கும் பெரிய மனிதர்கள் உண்டு. சிக்கனமில்லை, திட்டமில்லை என்று தீர்ப்பும் எழுதுவார்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையிலே குழித்தறியைப் பார்த்திருந்தால் அப்படிப் பேச மாட்டார்கள். குழியிலே ஈரம் ஊறுகிறது, பாவு விறைப்புக் கெடுகிறது, தறி நிற்கிறது, தறி நின்றால் கூலி நிற்கிறது, கூலி நின்றால் அடுப்பு நிற்குமா? வைகாசியிலே பள்ளிக்கூடம் திறக்கிறது; ஆவணியிலே அண்ணன் மகள் திருமணம்; இடையிலே ஒரு காய்ச்சல். பட்டு நெய்யும் கைக்குப் பட்டியலிட்டு மாதச் சம்பளம் தருவார் எவர்? ஆகவே அவள் காதிலே தொங்குவது அணிகலன் மட்டுமல்ல, தோழனே! அதுவே அவளது வங்கி. அதுவே அவளது காப்பீடு. அதுவே அவளது ஓய்வூதியம். அதைக் கழற்றிக் கொடுக்கும்போது அவள் கைவிடவில்லை. மீட்பேன் என்ற உறுதியோடு நம்பி ஒப்படைக்கிறாள். கைவிடுவதற்கும் ஒப்படைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவன் ஏலக்குரல் எழுப்பத் தகுதியற்றவன்.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துப் பார். அதன் 176-ஆம் பிரிவு, கடன் திரும்பாதபோது அடகுப் பொருளை விற்கும் உரிமையைக் கடன் கொடுத்தவனுக்குத் தருகிறது. ஆனால் தகுந்த முன்னறிவிப்புக் கொடுத்த பிறகே விற்க வேண்டும் என்கிறது. விற்ற தொகை கடனைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த மிச்சத்தை அடகு வைத்தவரிடம் கொடுத்தாக வேண்டும் என்றும் சொல்கிறது. 177-ஆம் பிரிவோ இன்னும் ஒருபடி மேலே போகிறது: தவணை தவறியிருந்தாலும், உண்மையாக விற்பனை நடந்து முடிகிற வரையில், தாமதத்தால் ஏற்பட்ட செலவையும் சேர்த்துக் கட்டிப் பொருளை மீட்டுக்கொள்ளலாம்! கெடு தாண்டினால் தொலைந்தது என்று நம் வீட்டுப் பெண்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்களே, அந்த நம்பிக்கையை அவர்கள் நெஞ்சிலே விதைத்தவர் யார்? சட்டம் விதைக்கவில்லை. 150 ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சட்டம் நூலிலே இருக்கிறது. ஐயம்பேட்டைத் தெருவுக்கு நடந்து வரத்தான் அதற்கு இன்னும் கால் முளைக்கவில்லை!

துறைமுகத்திலே கேட்பாரற்றுக் கிடக்கும் செல்வர் வீட்டுச் சரக்கையும் கொஞ்சம் எண்ணிப் பார். இறக்குமதி செய்தவர் 30 நாளுக்குள் எடுத்துச் செல்லாவிட்டால், அவருக்கு அறிவிப்புக் கொடுத்து, சுங்க அதிகாரியின் அனுமதி பெற்று, அதை விற்கலாம் என்பது 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம். விற்ற பணத்திலே செலவு போக, கப்பல் கூலி போக, தீர்வை போக, எஞ்சியது உடையவருக்கு என்று அதே சட்டத்தின் 150-ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. கலிபோர்னியாவின் கிடங்குச் சட்டத்திலும் மிச்சம் வாடகைதாரருக்கே. கடல் கடந்தாலும் கரையிலே நின்றாலும் நியாயம் ஒன்றுதான்: கடனுக்காக விற்கலாம்; கடனுக்கு மேல் ஒரு காசும் விற்றவனுடையதாகாது. ஆனால் துறைமுகத்துச் சரக்குக்கு உடையவர் முகவரை அனுப்புவார், வழக்கறிஞரை அனுப்புவார். மூக்குத்திக்கு உடையவள் யாரை அனுப்புவாள்?

மிச்சமாவது, மண்ணாவது, என்ன பெரிய தொகை வந்துவிடப் போகிறது என்று எண்ணாதே. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025-ஆம் ஆண்டு பிறந்தபோது ஒரு பவுன் 60,000 ரூபாய்க்கும் கீழே இருந்தது; அந்த ஆண்டு அக்டோபரிலே 90,000 ரூபாயைத் தாண்டியது. 57,000 ரூபாய் மதிப்பிலே ஒரு பவுன் சங்கிலியை ஒரு பெண் நிதி நிறுவனத்தில் வைத்து 42,000 ரூபாய் கடன் பெற்றாள் என்று கொள். ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி என்றால் வட்டி 10,080 ரூபாய். கட்ட வேண்டியது மொத்தம் 52,080. ஏல நாளில் பவுன் விலை 90,000 என்றே வைத்துக்கொள்வோம். நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2013-இல் வகுத்த விதிப்படி, முந்தைய 30 நாள் சராசரி விலையில் 85 விழுக்காட்டுக்குக் குறைவாக ஏலத்தின் அடிவிலை இருக்கக்கூடாது என்றிருந்தது. சராசரியும் 90,000 என்றால் அடிவிலை 76,500. அந்த விலைக்கே போனாலும் கடன் தீர்ந்து, ஏலச் செலவு தவிர, 24,420 ரூபாய் அவளுக்குச் சேர வேண்டும். போட்டியிட்டுக் கேட்டு முழு விலை வந்தால் 37,920 ரூபாய்! கடன் வாங்கியவள் அவள். ஆனால் ஏலம் முடிந்த அன்று அவளுக்குத்தான் பணம் வர வேண்டியிருக்கிறது! "மூழ்கிவிட்டது" என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீடு திரும்பி விடுகிறாளே, அந்தக் கண்ணீரின் விலை இது.

அடிவிலைக்கும் முழு விலைக்கும் நடுவே 13,500 ரூபாய் தொங்குகிறது அல்லவா? அங்கேதான் ஏலக் கூட்டணிகளுக்கு வேலை. புளியமரக் குத்தகையிலிருந்து பொன்நகை வரை எல்லா ஏலத்துக்கும் பொதுவான பழைய தந்திரம் அது. வருவோர் பத்துப் பேர். வாய் திறப்பவர் ஒருவர். மற்ற ஒன்பது பேர் மௌன விரதம்! அடிவிலையிலே பொருள் படிந்ததும், வெளியே போய்த் தங்களுக்குள்ளே இரண்டாம் ஏலம் நடத்திக்கொள்வார்கள். இரண்டு விலைக்கும் இடையிலுள்ளதைப் பங்கிட்டுக்கொள்வார்கள். முதல் ஏலம் உலகுக்கு. இரண்டாம் ஏலம் உறவுக்கு! ஏலத்திலே இப்படிக் கூடிச் சதி செய்வதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடுக்கிறது. தடுத்தென்ன? சட்டத்தைக் கூப்பிட வேண்டியவள் ஏலம் நடக்கிற நாளையே அறியாளே!

இதைச் சொல்வதால், பழம்பொருள் வாங்கி விற்போர் அனைவரையும் நான் பழிக்கிறேன் என்று எண்ணிவிடாதே. அது நேர்மையான பிழைப்பு, தேவையான தொழில். 1985-இல் தீக்கிரையாகும் வரை சென்னை மூர் மார்க்கெட், ஏழை மாணவனுக்கு நூலகமாகவும் எளிய குடும்பத்துக்கு அங்காடியாகவும் விளங்கிய கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்ட எனக்குப் பழைய புத்தகக் கடைகள்தாம் பல்கலைக்கழகம். ஒருவர் வேண்டாமென்று விட்டதை வேண்டும் என்கிறவர் கையிலே சேர்ப்பவன் சமுதாயத்துக்குத் தொண்டு செய்கிறான். அவன் இலாபம் பெறட்டும், மகிழ்வோம்.

நம் தெருக்களிலேயே எடுத்துக்காட்டு உண்டு. பழைய பட்டுப் புடவைகளை வாங்க வருகிறார்கள். துணிக்காகவா வருகிறார்கள்? இல்லை, ஜரிகைக்காக. வெள்ளி இழையும் பொன் முலாமும் அதிலே உறங்குவதை வருபவன் அறிவான். ஆனால் நெய்த கை உள்ள ஊரல்லவா இது? இங்குள்ளவளும் அறிவாள். "இது அந்தக் காலத்து ஜரிகை ஐயா, எடையைப் பார்த்துச் சொல்லும்!" என்று அதட்டிக் கேட்பாள். அவன் ஒரு விலை சொல்வான்; அவள் உதட்டைப் பிதுக்குவாள்; போகிறவனைப் போல் போவான்; கூப்பிடுகிறவளைப் போல் கூப்பிடுவாள்; நடுவிலே ஒரு விலை படியும். அங்கே பழம்பொருள் வணிகம்தான் நடக்கிறது, அநியாயம் நடக்கவில்லை. ஏன்? உடையவள் எதிரே நிற்கிறாள்! பொருளின் மதிப்பு அவளுக்குத் தெரிகிறது! பேசும் வாய் அவளுக்கு இருக்கிறது! அதே பெண்ணின் சங்கிலி ஏலத்துக்கு வரும்போது இந்த மூன்றையும் பறித்துவிடுகிறோம். பறித்துவிட்டு, 'கேட்பாரற்றது' என்று பெயர் சூட்டுகிறோம். கேட்பவளை வெளியே நிறுத்திவிட்டுக் கேட்பாரில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

"அறிவிப்புத்தான் கொடுக்கிறார்களே!" என்பார்கள். கொடுக்கிறார்கள். நாளேட்டிலே முழுப் பக்கம் – கிளைப் பெயர், கிளைப் பெயருக்குக் கீழே எறும்பு வரிசையாக எண்கள்! அந்த எண்களிலே எது தன் தாலிக்கொடி, எது தன் மகளின் ஜிமிக்கி என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து அவள் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்குக் கடிதம் வரும் என்பார்கள். யார் பெயருக்கு வரும்? நகை அவளுடையது, சீட்டு பெரும்பாலும் அவனுடைய பெயரிலே! கடிதம் கணவன் கைக்குப் போகிறது. அவன் வெட்கத்தாலோ அச்சத்தாலோ அதைப் பரணிலே செருகிவிடுகிறான். ஒரு நாள் திருமண வீட்டுக்குப் புறப்படும்போதுதான் அவளுக்குச் செய்தி தெரிகிறது. கழுத்திலே மஞ்சள் கயிறும், கண்ணிலே கேள்வியுமாக நிற்கிறாள்.

இன்னொரு கூட்டம் கேட்கும்: "வாங்கிய கடனைக் கட்டாதவளுக்கு வக்காலத்தா?" கடனைக் கட்ட வேண்டாம் என்று நான் சொன்னேனா? ஏலமே கூடாது என்றாவது சொன்னேனா? அடகு வைத்துக் கடன் தரும் ஏற்பாடு இல்லையேல், அவசரத்துக்கு ஏழை போக வேறு வாசல் இல்லை என்பதை நான் அறிவேன். கொடுத்தவனுக்கு அசலும் வட்டியும் செலவும் போய்ச் சேரட்டும், ஒரு காசு குறையாமல்! அதற்கு மேலுள்ளதை அவளிடம் கொடு என்கிறேன். கடனைக் கேட்பது நியாயமென்றால், மிச்சத்தைக் கேட்பதும் நியாயந்தான். 2021-இல் தமிழ்நாட்டுக் கூட்டுறவு நிறுவனங்களிலே 5 பவுன் வரை வைத்தவர்களில் தகுதியுடையோருக்கு நகைக்கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. அது அரசு காட்டிய பரிவு. நான் இங்கே பேசுவது பரிவைப் பற்றியல்ல. அவள் பணத்தைப் பற்றி!

2025 ஏப்ரலிலே நகைக்கடனுக்குப் புது விதிகளின் வரைவை ரிசர்வ் வங்கி வெளியிட்டபோது தமிழ்நாட்டிலே எழுந்த எதிர்ப்பை நீ மறந்திருக்க மாட்டாய். ஜூன் 6-ஆம் நாள் வந்த இறுதி விதிகளிலே சில நன்மைகள் கிடைத்தன. இரண்டரை இலட்சம் ரூபாய் வரையுள்ள கடனுக்கு மதிப்பில் 85 விழுக்காடு வரை தரலாம் என்றார்கள். அடிவிலையை 90 விழுக்காடாக உயர்த்தினார்கள். இருமுறை ஏலம் படியாவிட்டால்தான் 85-க்கு இறங்கலாம். முதல் ஏலம் கிளை உள்ள மாவட்டத்திலேயே நடக்க வேண்டும். கடன் கொடுத்த நிறுவனமே ஏலம் கேட்கக்கூடாது. மிச்சத்தை ஏலத்தொகை முழுதும் வந்த 7 வேலை நாளுக்குள் திருப்ப வேண்டும். கடன் விவரங்களை அவ்வட்டார மொழியிலோ கடன் வாங்கியவர் தேர்ந்த மொழியிலோ சொல்ல வேண்டும். இவற்றை 2026 ஏப்ரல் 1-ஆம் நாளுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். நல்ல விதிகள்; வரவேற்போம். ஆனால் இவை வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும்தான். தெருமுனை அடகுக்கடையை ஆள்வது, அன்றைய சென்னை மாகாணத்திலே 1943-இல் பிறந்த அடகு பிடிப்போர் சட்டம். உரிமம், சீட்டு, பேரேடு, ஏலம் எல்லாம் அந்தச் சட்டத்திலே உண்டு. எண்பதாண்டுக்கு முன் தைத்த அந்தச் சட்டைக்கு இன்று ஒட்டுப் போட வேண்டாமா?

நாம் வைக்கும் கோரிக்கை நீளமானதல்ல. பெரிய நிறுவனத்துக்குள்ள அடிவிலை விதி சிறிய கடைக்கும் வேண்டும். ஏலத்துக்கு முன் தமிழிலே எழுதிய அறிவிப்பு, கையெழுத்துப் பெற்று நேரிலே தரப்பட வேண்டும். நகை எவளுடையதோ அவள் பெயரும் அடகுச் சீட்டிலே பதிவாகி, அவளுக்கும் ஒரு படி சேர வேண்டும். ஏல நாளும் இடமும் சீட்டு எண்ணும் உள்ளாட்சி அலுவலகப் பலகையிலே ஒட்டப்பட வேண்டும். ஏலம் முடிந்ததும், எடுத்த விலை இவ்வளவு, கடன் இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று மூன்று வரியிலே ஒரு கணக்குச் சீட்டு அவள் கைக்கு வர வேண்டும். மூன்று வரி, தோழனே! அந்த மூன்று வரியை எழுத மறுக்கிறவன் மறைக்கிறான் என்றுதானே பொருள்?

கோரிக்கையை ஆள்வோர் கேட்கட்டும். அதுவரை நீ என்ன செய்யப் போகிறாய்? ஒவ்வொரு கிளையிலும் படிப்பகம் இருக்கிறது, நாளேடு வருகிறது. தலைப்புச் செய்தியைப் படித்து விவாதிக்கிறாய். நன்று, ஆனால் அந்த எறும்பு வரிசை எண்கள் உள்ள பக்கத்தையும் பிரி! உன் ஊர்க் கிளையின் பெயர் இருக்கிறதா பார். இருந்தால் எண்களை எழுதிப் பலகையிலே போடு. "சீட்டு உள்ளவர்கள் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி எழுது. பெயரைக் கேட்காதே, பெயரைச் சொல்லாதே. அடகு வைத்ததை அண்டை வீட்டார் அறிந்துவிடுவார்களே என்று கூனிக் குறுகி வாய்மூடி நிற்கிறாள் அவள். அந்த வெட்கத்தைத்தான் ஏலக் கூட்டணி முதலீடாக்கிக்கொள்கிறது. ஆகவே மேடையிலே முழங்குகிற குரலை அன்று வீட்டிலேயே வைத்துவிட்டு வா. தனியே வந்து கேட்கிறவளுக்குத் தணிந்த குரலிலே சொல்: "அம்மா, ஏலம் முடியும் வரை மீட்கலாம். மீட்க முடியாவிட்டால் மிச்சத்தைக் கேட்டு வாங்கலாம்." மனு எழுதத் தெரியாதவளுக்கு எழுதிக் கொடு. கடைக்குப் போகத் தயங்குகிறவளோடு, அவள் விரும்பினால், துணையாகப் போ. தனியே போகிறவளிடம் "மூழ்கிவிட்டது" என்று சொல்லும் வாய், இருவர் போனால் பேரேட்டைப் புரட்டும்!

மதுரை மாநகரிலே ஒரு சிலம்பு கைமாறிய கதையை நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அங்கே நடந்த குற்றம் என்ன? உடையவர் யார் என்று உசாவாமல் முடிவு கட்டியதுதான்! கண்ணகி அரசவைக்கு வந்து சிலம்பின் விலையைக் கேட்கவில்லை, விசாரணையைக் கேட்டாள். உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துக் காட்டினாள். அவளுக்குச் சிலை வைத்தோம், சிறப்புச் செய்தோம், மேடைதோறும் அவள் பெயரை முழங்குகிறோம். ஐயம்பேட்டையிலே தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் அவள் தங்கை கேட்பதும் அதே கேள்விதான். என் பொருள் எங்கே போனது? என்ன விலைக்குப் போனது? மிச்சம் எங்கே?

இந்தக் கேள்விக்கு விடை வாங்கித் தரும் வேலைக்குப் பதவி தேவையில்லை, பணம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலே ஒரு மணி நேரமும், ஒரு சுண்ணக்கட்டியும், பலகையிலே கொஞ்சம் இடமும் போதும். இன்றைய நாளேட்டிலும் அந்தப் பக்கம் இருக்கக்கூடும். இதைப் படித்து முடித்ததும் அதைப் பிரித்துப் பார், தோழனே!